புது லீக்கில் நடுக்களம்: எல்லையோரக் கிராமங்களிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

நெய்யாற்றின்கரை தாலுகாவின் கடைக்கோடி பொழியூர். அந்தக் கரையிலிருந்து தெற்கே நடந்தால் கேரளம் முடிந்து தமிழ்நாட்டின் நீரோடி வந்துவிடும். அப்புறம் மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை. கடலரிப்பில் மணல் குறைந்துகொண்டே வருகிறது, ஆனாலும் மாலையானால் பந்து இறங்கிவிடுகிறது. மாநிலங்களுக்கிடையிலான கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபிக்கு ஆள் அனுப்பும் ஊர் என்று பொழியூருக்குப் பெயர். 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் வங்காளத்தைப் பெனால்ட்டியில் வென்ற கேரள அணியில் பொழியூர் சீசன் இருந்தார். இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் ஐ-லீக், ஐஎஸ்எல், தேசிய அணி என்று படிப்படியாக ஏறினார்.

அடுத்துப் போகப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக நடுக்களத்தில் ஆடுகிறவர்களுக்கு. கையில் ட்ரையல்ஸ் அழைப்போ முதல் ஒப்பந்தமோ இருக்கும். ஊரில் எல்லாப் பந்தும் உங்கள் வழியாகத்தான் போயிருக்கும். பந்துத் திறமையைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் புது லீக்கில் நடுக்கள ஆட்டக்காரர் முதலில் இழப்பது தன் இடத்தை. அதை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டு இன்னொரு இடத்தில் பயன்படுகிறாரோ அவ்வளவு சீக்கிரம் அணிக்குள் வருகிறார். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சூசைராஜின் பாதையையே பாருங்கள். சென்னை சிட்டி அணி 2016-17 பருவத்தில் நேரடியாக ஐ-லீக்குக்குள் வந்தது. அங்கே அவர் தாக்கி ஆடும் மிட்ஃபீல்டர். பந்தை வாங்குவார், திரும்புவார், ஆளைக் கடப்பார், ஷாட் அடிப்பார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் இந்தக் கரையோரத்துக் குடும்பங்களை நிலைகுலைய வைத்தது. அந்த 2017-18 பருவத்தில்தான் ஐ-லீக்கின் சிறந்த மிட்ஃபீல்டர் விருது அவருக்குக் கிடைத்தது. 2018-இல் ஜாம்ஷெட்பூர் எஃப்சி அவரை எடுத்தது. பயிற்சியாளர் ஸ்பெயினின் செசார் ஃபெராண்டோ. அதே டிரஸ்ஸிங் ரூமில் ஆஸ்திரேலியாவின் டிம் கேஹில். அங்கே அவர் பெரும்பாலும் இடது பக்கம் ஆடினார். 2019-இல் ஏடிகே. அங்கே அந்தோனியோ ஹபாஸ் மூன்று தடுப்பாட்டக்காரர்களைப் பின்னால் நிறுத்தி ஆடுகிறவர். அந்த அமைப்பில் சூசைராஜுக்குக் கிடைத்தது இடது விங்பேக். கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஓட வேண்டும், எதிரணி விங்கரைப் பிடிக்க வேண்டும், பிறகு மேலே ஏறிக் கிராஸ் போட வேண்டும். 2020 மார்ச் 14 அன்று கோவா ஃபதோர்டாவில், கொரோனாவால் ஆளில்லாத ஸ்டேடியத்தில், சென்னையின் எஃப்சியை 3-1 என்று வென்று ஏடிகே கோப்பை எடுத்தது. ஐ-லீக்கின் சிறந்த மிட்ஃபீல்டர் ஐஎஸ்எல் கோப்பையை வென்றது விங்பேக் வேலை பார்த்த பருவத்தில்.

இது அவரோடு நிற்கிற கதை அல்ல. ஐஎஸ்எல்லில் அப்போது ஒரு நேரத்தில் 5 வெளிநாட்டு வீரர்கள் களத்தில் இருக்கலாம். 2021-22 முதல் அது 4 ஆகக் குறைந்தது. கிளப்கள் அந்த வெளிநாட்டு இடங்களை எங்கே செலவழிக்கின்றன? கோல் அடிக்கிற ஆள், அவருக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துகிற ஆள், பின்வரிசையின் நடுவில் நிற்கிற ஆள். நீங்கள் ஊரில் ஆடிய அந்தப் பத்தாம் நம்பர் இடம்தான் அவர்கள் முதலில் விலை கொடுத்து நிரப்புகிற இடம். 2024 செப்டம்பரில் சூப்பர் லீக் கேரளா தொடங்கியபோது நமக்குப் பக்கத்து அணியான திருவனந்தபுரம் கொம்பன்ஸ்கூடப் பிரேசில் பயிற்சியாளரையும் பிரேசில் வீரர்களையும்தான் கூட்டி வந்தது. அணித் தலைவரே பாட்ரிக் மோட்டா. ஆகவே புது கிளப்புக்குப் போன முதல் வாரத்திலேயே இரண்டு இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒன்று உங்கள் இயல்பான இடம். இன்னொன்று அந்த அணியில் ஆள் குறைவாக இருக்கிற இடம். கோச்சிடம் போய் "நான் டென்தான் ஆடுவேன்" என்று சொல்லாதீர்கள். "இடது பக்கமும் ஆடுவேன், ஆறாம் நம்பரிலும் நிற்பேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்த இடத்தில் ஆடுகிறவரின் வீடியோவை உட்கார்ந்து பாருங்கள். பந்து அவரிடம் இல்லாதபோது எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

பந்து வருவதற்கு முன்

லீக் மாறும்போது உண்மையில் மாறுவது நேரம். கிடைக்கிற நேரம் பாதியாகிவிடும்.

எங்கள் பக்கத்து மாலை ஆட்டம் ஒன்றை ஓரமாக நின்று கவனித்தால் இது தெரியும். பின்னாலிருந்து பந்து வருகிறது. நடுவில் நிற்கிற பையன் தன் கோலைப் பார்த்தபடி நின்று உள்ளங்காலால் பந்தை நிறுத்துகிறான். அப்புறம் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். ஓடி வருகிறவனை இடுப்பை அசைத்து ஏமாற்றுகிறான். பிறகு திரும்புகிறான். கரையில் நிற்கிறவர்கள் கத்துகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதில் நான்கு வேலை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. நிறுத்துவது, பார்ப்பது, ஏமாற்றுவது, திரும்புவது. ஐஎஸ்எல்லில் இரண்டாவது வேலை முடிவதற்குள் முதுகில் ஆள் விழுந்திருப்பான். பார்ப்பது முதலில் வர வேண்டும். பந்து இன்னும் அடுத்தவர் காலில் இருக்கும்போதே வலத் தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடத் தோளுக்கு மேல் ஒரு பார்வை. பந்து உருண்டு வரும்போது இன்னொன்று. உடம்பு பக்கவாட்டில் திறந்து நிற்க வேண்டும். முதல் டச்சே பந்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

நார்வேயின் விளையாட்டு உளவியலாளர் கெய்ர் யோர்டெட் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். இங்கிலாந்து பிரீமியர் லீக் மிட்ஃபீல்டர்களை வீடியோவில் பின்தொடர்ந்து, பந்து வருவதற்கு முன் எத்தனை முறை தலையைத் திருப்புகிறார்கள் என்று எண்ணினார். அதிகம் திரும்பிப் பார்க்கிறவர்கள்தான் முன்னோக்கிய பாஸ்களை அதிகம் சேர்க்கிறார்கள் என்று கண்டார். பட்டியலின் உச்சியில் இருந்தவர்கள் ஃபிராங்க் லாம்பார்டும் ஸ்டீவன் ஜெரார்டும். இதைப் பழகக் காசோ அகாடமியோ தேவையில்லை. பள்ளிக்கூட மதிலில் பந்தை அடியுங்கள். கூட்டாளி பின்னால் நின்று விரல்களைக் காட்டட்டும். பந்து மதிலிலிருந்து திரும்பி உங்கள் காலுக்கு வருவதற்குள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அந்தப் பாஸ் கணக்கில் கிடையாது. இரண்டு மாதம் தினமும் செய்தால் கழுத்து தானாகத் திரும்பும்.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணல் நமக்குக் கெண்டைக்கால் வலுவைக் கொடுத்திருக்கிறது, சமநிலையைக் கொடுத்திருக்கிறது. அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் மணலில் பந்து தயங்கித் தயங்கி வரும், அதனால்தான் உள்ளங்கால் பழக்கம் வந்தது. தண்ணீர் தெளித்த புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். அங்கே உள்ளங்காலால் நிறுத்தப் போனால் பந்து அடியில் நழுவிவிடும். ட்ரையல்ஸுக்கு ஒரு மாதம் முன்பாவது புல் மைதானமாகத் தேடிப் போய் ஆடுங்கள்.

அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸும் அப்படித்தான். சின்ன மைதானம், குறைந்த நேரம், ஆளுக்கு ஆள் மோதல். லெவன்ஸ் மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஒரு மிட்ஃபீல்டர் ஒரு ஆட்டத்தில் சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுவார். அதில் பெரும்பகுதி பந்து இல்லாத ஓட்டம். செவன்ஸ் ஆடியவருக்கு 60-ஆம் நிமிடத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும். 70-இல் பின்னோக்கி ஓடுவதை விட்டுவிடுவார். கோச் பார்ப்பது அதைத்தான். சீரான ஓட்டத்தைவிட, ஓடி நின்று மறுபடி ஓடுகிற பயிற்சி தேவை. ஒப்பந்தம் ஆன பிறகு செவன்ஸ் பக்கம் போகவே வேண்டாம். அவை தேசியக் கூட்டமைப்பு அங்கீகரிக்காத போட்டிகள். ஒரு இரவு ஆட்டத்துக்குக் கிடைக்கிற காசு கண்ணை இழுக்கும். அங்கே கால் போனால் சிகிச்சைச் செலவு உங்கள் தலையில், ஒப்பந்தமும் சிக்கலில்.

முதல் ஐந்து மாதம்

பெஞ்சில் உட்கார வைத்ததும் ஊரிலிருந்து போன் வரும். "ஏன் மக்கா எறக்கல?" அந்தக் கேள்வி பல பேரை உடைத்திருக்கிறது. உலகின் பெரிய கிளப்களிலும் இதுதான் நடக்கிறது. பிரேசிலின் ஃபபீனியோ 2018 மே மாதம் மொனாக்கோவிலிருந்து லிவர்பூலுக்கு வந்தார். பெரிய தொகை, பெரிய பெயர். பிரீமியர் லீக்கில் முதன்முதலாகத் தொடக்க அணியில் இறங்கியது அக்டோபர் 27 அன்று. நடுவில் ஐந்து மாதம் பயிற்சி, பெஞ்ச், மறுபடி பயிற்சி. எந்தப் பாஸை மூடுவது, எப்போது பிரஸ் செய்ய ஏறுவது, எப்போது நிற்பது என்று பயிற்சியாளர் கிளாப் அவரை வைத்துப் பழக்கினார். அடுத்த ஜூன் 1 அன்று மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற அணியின் நடுவில் நின்றவர் அவர்தான். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டிசம்பர் வரை டிவியில் தெரியாமல் போகலாம், பயப்பட வேண்டாம் என்று.

பெஞ்சில் இருக்கும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பயிற்சி முடிந்ததும் துணைக் கோச்சிடம் போய், "நேற்றைய ஆட்டத்தில் நான் இருந்திருந்தால் எங்கே நின்றிருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். "என்னை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டால் சமாதானம்தான் கிடைக்கும். முதல் கேள்விக்குப் பலகையில் வரைந்தே காட்டுவார்கள்.

வாயைத் திறங்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்குக் குரலுக்குக் குறைவில்லை. அலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவர்கள். ஆனால் வடக்கே போனதும் அதே பையன் ஊமையாகிவிடுகிறான். கோச் ஸ்பானிஷ் கலந்த ஆங்கிலம் பேசுகிறார், கூட்டாளிகள் இந்தியும் மிசோவும் வங்காளமும் பேசுகிறார்கள். நடுக்களத்தில் இருக்கிறவர் பேசாவிட்டால் அணி குருடாகிவிடும். களத்தில் தேவைப்படுவது இலக்கணம் அல்ல. "மேன் ஆன்", "டைம்", "டர்ன்", "ஹோல்ட்", "ஸ்விட்ச்", இந்தியில் "பீச்சே", "சோட் தோ". இவ்வளவுதான். முதல் நாள் பயிற்சியிலிருந்தே சத்தமாகச் சொல்லுங்கள். மலையாளமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுகிற ஊர்க்காரர்களுக்கு மூன்றாவது மொழி வருவது கஷ்டம் இல்லை. சாப்பிடும்போது நம்ம ஆட்களோடு மட்டும் ஒதுங்கி உட்காராமல், கோல்கீப்பரோடும் சென்டர்பேக்கோடும் உட்காருங்கள். ஆட்டத்தில் உங்களுக்குப் பந்து தரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

மைதானமும் வானிலையும் சட்டென்று சொல்லிவிடக்கூடியவை. ஐசாலிலும் ஸ்ரீநகரிலும் செயற்கைப் புல். புல்லுக்கான நீளமான ஸ்டட் போட்டு அதில் ஆடினால் முட்டிக்குக் கேடு, டர்ஃப் பூட்ஸ் ஒரு ஜோடி தனியாக வேண்டும். ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா டிசம்பர் குளிரில் தொடைத் தசை இறுகும், வார்ம்அப்பை இரட்டிப்பாக்குங்கள். மீன் குழம்பும் மரச்சீனியும் கிடைக்காது. முட்டை, பருப்பு, கோழி என்று புரதத்தைக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கையெழுத்துக்கு முன்

இந்தப் பகுதியை அப்பா அம்மாவும் படிக்க வேண்டும். திறமை இருந்தும் பாதியில் திரும்பி வருகிறவர்களில் பலர் காகிதத்தில் தோற்றவர்கள்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நெய்யாற்றின்கரை கோர்ட் பக்கத்தில் வக்கீல்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் கொடுத்து ஒவ்வொரு பக்கமாக விளக்கச் சொல்லுங்கள். அந்தச் சிறு செலவு பெரிய இழப்பைத் தடுக்கும். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் குறைந்தது நடப்புப் பருவம் முடியும்வரை இருக்க வேண்டும், அதிகபட்சம் 5 ஆண்டு. 18 வயது ஆகாதவர் 3 ஆண்டுக்கு மேல் கையெழுத்திட முடியாது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், கிளப்புக்கு எழுத்து மூலம் 15 நாள் கெடு கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்க வீரருக்கு உரிமை உண்டு. இந்த விதி நம் பையன்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்காகவே சம்பளம் எப்போதும் வங்கிக் கணக்கில் வர வேண்டும். கையில் கொடுக்கிற காசுக்கு அத்தாட்சி கிடையாது.

ஏஜெண்ட் என்று வருகிறவரிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 முதல் தேர்வு எழுதித்தான் அந்த உரிமம் வாங்க முடியும். ட்ரையல்ஸுக்குச் சேர்த்துவிடப் பணம் கேட்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எல்லையோரத்தில் இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. வீடு கேரளத்தில், கல்லூரி தமிழ்நாட்டில். இரண்டு பக்கமும் ஆடக் கூப்பிடுவார்கள். தேசியக் கூட்டமைப்பின் கணினிப் பதிவில் ஒருவருக்கு ஒரே பதிவுதான் இருக்க வேண்டும். மாநிலம் மாறுவதென்றால் பழைய கிளப்பின் ஒப்புதலோடு முறையாக மாற வேண்டும். பிறந்த தேதி எல்லாச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். முதல் தொகை வந்ததும் படகுக் கடனையும் வீட்டுக் கடனையும் ஒரேயடியாக அடைத்துவிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. பாசம்தான். ஆனால் பல ஒப்பந்தங்கள் மே 31-இல் முடிந்துவிடும். அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2025-இல் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் இழுபறியானதும் ஐஎஸ்எல் பருவமே தள்ளிப்போனது. சில கிளப்கள் சம்பளத்தை நிறுத்தி வைத்தன. தேசிய அணி வீரர்களே வேலையில்லாமல் காத்திருந்தார்கள். ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தொடாமல் வைத்துக்கொண்டு மிச்சத்தில் கடன் அடையுங்கள்.

இனி காயம். 2020 நவம்பர் 20, கோவா பாம்போலிம். ஐஎஸ்எல் பருவத்தின் முதல் ஆட்டம், ஏடிகே மோகன் பகானுக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும். தொடங்கிக் கால் மணி நேரம் ஆவதற்குள் சூசைராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்தப் பருவம் அவருக்கு அங்கேயே முடிந்தது. முந்தைய ஆண்டு ஜூனில் தாய்லாந்து கிங்ஸ் கோப்பையில் இந்தியாவுக்காக அறிமுகமானவர், நல்ல வயதில் இருந்தவர். எவருக்கும் எப்போதும் நடக்கலாம். எனவே ஒப்பந்தத்தில் இந்த மூன்றையும் தேடுங்கள்: அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, மறுவாழ்வுப் பயிற்சி எங்கே எவ்வளவு காலம், அந்த மாதங்களில் சம்பளம் உண்டா. எழுத்தில் இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். முட்டியில் சத்தம் கேட்டு வீங்கினால் ஊருக்கு வந்து ஆசானிடம் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். முதலில் எம்ஆர்ஐ. முன் சிலுவைத் தசைநார் கிழிந்திருந்தால், அறுவைக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்கு முன் களம் இறங்குவது மறுபடி கிழிகிற ஆபத்தைக் கூட்டும் என்கிறது விளையாட்டு மருத்துவம். கோச் அவசரப்படுத்தினாலும், நீங்களே அவசரப்பட்டாலும், பிசியோவின் எழுத்து இல்லாமல் பந்தைத் தொடாதீர்கள்.

கடைசியாக, வீட்டில் கேட்கிற கேள்வி: லீக்கா, அரசு வேலையா? கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்), கேரளா போலீஸ் போன்ற துறை அணிகள் இந்தக் கரையோரக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டவை. அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் மாதக் கடைசியில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திராதவர்கள். 2018 சந்தோஷ் டிராபி வெற்றிக்குப் பிறகு வேலையில்லாத வீரர்களுக்குக் கேரள அரசு பணி அறிவித்தது. துறை அணியிலிருந்து லீக்குக்குப் போக வழியும் உண்டு. திருவனந்தபுரம் வெட்டுக்காட்டைச் சேர்ந்த முன்கள வீரர் ஜோபி ஜஸ்டின் கேஎஸ்இபி அணிக்கு ஆடிவிட்டு ஈஸ்ட் பெங்கால் போய் 2018-19 ஐ-லீக்கில் 9 கோல் அடித்தார். என் கருத்து இது: 23 வயதுக்குள் லீக்கில் இருந்து அழைப்பு வந்தால் போய்விடுங்கள். இரண்டு பருவம் முழு மூச்சாகப் பாருங்கள். அதற்குள் தொடக்க அணியில் இடம் கிடைக்காவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க இன்னும் வயது இருக்கும். அந்த விண்ணப்பத்துக்கு மாநில, தேசியப் போட்டிகளில் ஆடிய சான்றிதழ்கள் எல்லாம் தேவைப்படும். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் கேட்டு வாங்கி, அசலை வீட்டில் வைத்துவிட்டு, நகலோடு பாறசாலையில் ரயில் ஏறுங்கள்.